பால் தொடாத பெண்

திருச்சியிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி, "அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகிறதே, ஏன்?" என்கிற ரகம். இது அந்த ரகமல்ல. நான்கு பக்கம் நிறைய எழுதிவிட்டு, ஐந்தாம் பக்கத்தில்தான் அந்த அம்மாள் கேள்வியைக் கேட்கிறார்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே பெண் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். இப்போது ஆறு மாதம் பூர்த்தியாகிறது. அடுத்த மாதம் வளைகாப்பு. அப்படியே பிரசவம் வரையில் தாய் வீட்டில்தான் இருக்கப் போகிறாள். சந்தோஷமான சமாசாரந்தானே என்பீர்கள். சந்தோஷந்தான். ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றரை வருஷமாகப் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் ஒன்றையும் தொடுவதில்லையாம். கன்றின் பங்கைப் பிடுங்கிக் குடிக்க மனம் ஒப்பவில்லை என்கிறாளாம் பெண்.

"எங்கள் வீட்டில் நெய் உருக்கினால் தெருவே மணக்கும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு ஒரு டம்ளர் பால் கொடுக்காமல் நான் எப்படி இருப்பேன்? வளைகாப்புக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பருப்பில் ஒரு கரண்டி நெய்யைக் கலந்துவிட்டால் அவளுக்குத் தெரியவா போகிறது? வயிற்றில் இருக்கிற சிசுவுக்காகச் செய்தால் அது பாவமா?"

அம்மா, பாவ புண்ணியக் கணக்கெல்லாம் எனக்கு வராது. ஆனால் கலக்காதீர்கள். முதலாவது, அவளுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சியின் மூக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மூன்றாம் வீட்டில் வெங்காயம் வதக்கினால் இங்கே குமட்டும். ஒன்றரை வருஷம் நெய்யே படாத நாக்கு வேறு. இரண்டாவது, தெரிந்த நிமிஷத்திலிருந்து உங்கள் கையால் வைக்கும் ஒவ்வொரு கரண்டியையும் அவள் முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிடுவாள். நாலைந்து மாதம் தாய் வீட்டில் பயந்து பயந்து சாப்பிடுகிறவளுக்கு உடம்பு எங்கே தேறும்?

கஸ்தூரிபாய்க்கும் இதே சங்கடம் வந்ததுண்டு. காந்திஜி 1912-ல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை விட்டார். பசுவின் பாலும் எருமையின் பாலும் தொடுவதில்லை என்று விரதம். 1918-ல் குஜராத்தில் அவர் கடுமையான சீதபேதியில் படுத்துவிட்டார். எலும்பும் தோலுமாகப் போய்விட்ட மனிதரிடம், பால் சாப்பிடாமல் உடம்பு தேறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கஞ்சியில் இரண்டு கரண்டி பாலை ஊற்றிக் கலக்கிக் கொடுக்க அந்த அம்மாளுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அவர் அப்படிச் செய்யவில்லை. விரதம் பசுவுக்கும் எருமைக்கும்தானே, ஆட்டுப் பாலுக்கு என்ன தடை என்று புருஷனின் முகத்துக்கு நேரே கேட்டார். காந்திஜி ஒப்புக்கொண்டார், விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டோமே என்று பின்னால் வருந்தவும் செய்தார். எப்படியானாலும், வருந்துவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை மனைவி அவரிடமே விட்டிருந்தார், இல்லையா?

இப்படிப் பால் பொருளையும் விட்டுவிடுகிறவர்களை 'வீகன்' என்கிறார்கள். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்ஸன் என்பவரும் அவருடைய சிநேகிதர்கள் சிலரும் சங்கம் வைத்தபோது உண்டான பெயர். மாமிசம், மீன், முட்டை, பால் ஆகிய எதுவும் கூடாது, தேனும் கூடாது. தமிழில் 'நனிசைவம்' என்று அழகான பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயர் புதிதே தவிர, பாலை விலக்கி வைப்பது நமக்கு அவ்வளவு புதிதல்ல. உங்கள் தெருவில் மாத்வர் வீடு இருந்தால் அங்கே உள்ள பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். சாதுர்மாஸ்யம் நான்கு மாதத்தில் ஒரு மாதம் காய்கறி கிடையாது, ஒரு மாதம் தயிர் கிடையாது, ஒரு மாதம் பால் கிடையாது, கடைசி மாதம் பருப்பு கிடையாது. தயிர் இல்லாத மாதத்தில் அந்த வீட்டில் அடுப்பா அணைந்துவிடுகிறது?

சரி, சமையலுக்கு வருவோம். பதற்றப்படுவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் ஒரு நாள் சமையலைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். காலையில் இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. மத்தியானம் வற்றல் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், கீரை மசியல், தக்காளி ரசம், சுட்ட அப்பளம். ராத்திரி அடை. இதில் பால் எங்கே வருகிறது? காபியில், பருப்புக்கு விடும் நெய்யில், ரசம் தாளிக்கும் நெய்யில், கடைசியில் மோரில். ஆக நாலே இடம். மேல்நாட்டில் வீகனாகப் போகிற பெண்மணி வெண்ணெய், பாலாடைக்கட்டி, க்ரீம் எல்லாவற்றையும் இழந்து சமையலையே புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அவர்களுடைய புத்தகங்களில் பாதி, போலிப் பாலாடைக்கட்டி செய்வதைப் பற்றியே இருக்கிறது. உங்களுக்கு அந்தப் புத்தகங்கள் வேண்டியதில்லை.

மறைந்திருக்கிற பாலைத்தான் கவனிக்க வேண்டும். மோர் மிளகாய், ரவா தோசையில் ஊற்றும் புளித்த மோர், தட்டைக்கும் முறுக்குக்கும் பிசைகிற வெண்ணெய், பர்பித் தட்டில் தடவும் நெய், இவையெல்லாம் கை பழக்கத்தில் நாமே மறந்துவிடுகிறவை. முறுக்கு மாவுக்கு வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் ஒரு கரண்டி விட்டால் போதும், கரகரப்புக் குறையாது. அவியலில் தயிருக்குப் பதில் புளிப்பு மாங்காய் போடுங்கள். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

நெய்யின் இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெயை ஊற்றுவதுதான் பலர் செய்கிற காரியம். அப்புறம் 'ருசியே இல்லை' என்கிறார்கள். பருப்புச் சாதத்துக்கும் பொடிச் சாதத்துக்கும் நல்லெண்ணெய், அதுவும் செக்கில் ஆட்டியதாகப் பச்சையாகவே மேலே விட வேண்டும். ரசத்துக்குத் தேங்காய் எண்ணெயில் கடுகும் சீரகமும் தாளித்தால் எடுப்பாக இருக்கும். வெண்பொங்கல்தான் சிக்கல். நெய் சொட்டாத பொங்கலைப் பொங்கல் என்று சொல்ல வாய் வராது. அரிசியும் பருப்பும் குழைந்ததும் கெட்டித் தேங்காய்ப் பால் அரை டம்ளர் விட்டுக் கிளறி இறக்குங்கள். மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுத்துக் கொட்டுங்கள். நெய்ப் பொங்கலின் வாசனை வராது; ஆனால் தட்டில் மிச்சம் இருக்காது.

இனி வளைகாப்பு. இதைத்தான் நீங்கள் பெரிய மலையாக நினைத்திருக்கிறீர்கள். வளைகாப்பில் என்ன சாப்பாடு போடுவீர்கள்? சித்திரான்னம். புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், தேங்காய்ச் சாதம், எள்ளுச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம். இவற்றில் முதல் நான்கும் சுத்தமான வீகன் பதார்த்தங்கள், உங்கள் பாட்டிக்கே தெரியாமல்! புளியோதரையில் நெய் விடுகிறவர்களை நான் பார்த்ததில்லை. மிச்சம் இரண்டுதான்.

சர்க்கரைப் பொங்கலைப் பாயசமாக மாற்றிவிடுங்கள் என்பது என் யோசனை. அரை டம்ளர் பாசிப் பருப்பை வாசனை வர வறுத்து வேக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய தேங்காயைத் துருவி அரைத்து முதல் பாலைத் தனியாகவும், வெந்நீர் விட்டு அரைத்து இரண்டாம் பாலைத் தனியாகவும் பிழிந்து வையுங்கள். ஒரு டம்ளர் பொடித்த வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, பருப்பையும் இரண்டாம் பாலையும் சேர்த்துக் கொதிக்க விட வேண்டும். சேர்ந்து வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, சற்று ஆறிய பிறகு முதல் பாலை ஊற்றுங்கள். அதற்கப்புறம் அடுப்பில் வைக்கக் கூடாது. கொதித்தால் தேங்காயின் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், குடிக்கிறவர்களுக்குத் திகட்டும். ஏலக்காய், துளி சுக்குப் பொடி, தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல். மாட்டுப் பால் ஊற்றிச் செய்யும்போது வெல்லத்தோடு சேர்ந்து திரிந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அந்தக் கவலையும் இதில் இல்லை.

தித்திப்பு வேறு வேண்டுமானால் எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொரிவிளங்காய், பூரணக் கொழுக்கட்டை என்று எத்தனையோ இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கம் முதலூரில் மஸ்கோத் அல்வா என்று ஒன்று செய்கிறார்கள். நெய்யே இல்லாமல், தேங்காய்ப் பாலைக் கிளறிக் கிளறிச் செய்வது. வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். தெற்கே உறவினர்கள் இருந்தால் வாங்கி வரச் சொல்லுங்கள். நெய்யில்லாத மைசூர்பாகுக்கும் செய்முறைகள் உலவுகின்றன. தயவு செய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். மைசூர்பாகு என்பதே நெய்தான். அதில் கடலை மாவு ஒரு சாக்கு.

தயிர்ச் சாதத்துக்கு வந்துவிட்டோம். தமிழ்நாட்டுச் சாப்பாட்டில் மற்ற எதை விட்டாலும் கடைசிக் கவளம் தயிராக இல்லாவிட்டால் கை கழுவ மனம் வராது. உங்கள் பெண்ணுக்கும் அந்த ஏக்கம் உள்ளூர இருக்கத்தான் செய்யும். நிலக்கடலையில் தயிர் தோய்க்கலாம். வேடிக்கையாக இருக்கிறதா? செய்து பாருங்கள்.

வறுக்காத நிலக்கடலை ஒரு டம்ளர். எட்டு மணி நேரம் ஊற வைத்து, கையால் தேய்த்துத் தோலை நீக்கி, இரண்டு மூன்று தடவை நன்றாக அலம்புங்கள். தோல் இருந்தால் துவர்க்கும். மூன்று டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மைய அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். சக்கையை எறிய வேண்டாம், அடை மாவில் கலந்துவிடலாம். பாலை அடி கனமான பாத்திரத்தில் வைத்து, சின்னத் தீயில் பத்து நிமிஷம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். மாட்டுப் பாலைவிட வேகமாகப் பொங்கும். தொலைபேசி மணி அடித்தாலும் நகராதீர்கள்! பிறகு விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும்.

உறைக்கு எங்கே போவது? மாட்டுத் தயிரை உறை ஊற்றினால் பெண் ஒப்ப மாட்டாள். பச்சை மிளகாய்க் காம்புதான் உறை. பத்துக் காம்புகளை மிளகாயின் பச்சைத் தொப்பியோடு கிள்ளி, கழுவித் துடைத்துப் பாலில் அமிழ்த்தி மூடி வையுங்கள். அந்தக் காம்பிலேயே பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வெயில் காலத்தில் எட்டு மணி நேரம், மார்கழியில் பன்னிரண்டு மணிக்கும் மேலே. இந்த முதல் தயிர் சாப்பிட அல்ல. சிறிது கசக்கும், காரமும் தட்டும். காம்பை எடுத்துவிட்டு இதில் இரண்டு கரண்டி உறையாக விட்டு மறுபடி புதுப் பாலைத் தோயுங்கள். இரண்டாவது, மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் தயிரின் குணம் வரும். மேலே தண்ணீர் பிரிந்து நின்றால் பரவாயில்லை. சிவப்போ கறுப்போ புள்ளி தெரிந்தாலும், வாடை மாறினாலும் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

ஆனால் உங்கள் பெண் விஷயத்தில் ஒரு திருத்தம். பிள்ளைத்தாய்ச்சி வயிறு. காம்பில் நல்ல கிருமியோடு வேறு என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பரீட்சைக்கு அவள் வயிறு வேண்டாம். பெரிய ஊர்க் கடைகளில் பாலில்லாத் தயிர் சின்னக் கிண்ணங்களில் விற்கிறார்கள். அதில் ஒரு கரண்டியை உறையாக வைத்துக்கொண்டால் முதல் தடவையே ஒழுங்காகத் தோயும். தோய்ந்ததும் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். காம்பு வைத்தியத்தை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

கடலை வாசனை கொஞ்சம் இருக்கத்தான் இருக்கும். அதை அமுக்கத்தான் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் இருக்கின்றனவே. சாதத்தைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, முந்திரியை ஊற வைத்து அரைத்த பால் அரை டம்ளர் விட்டுப் பிசைந்துவிட்டு, ஆறிய பிறகு தயிரைச் சேருங்கள். மாதுளை முத்தைத் தூவிப் பந்தியில் பரிமாறினால் வந்தவர்களில் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். ஆனாலும் இலை போடும்போதே, இது கடலைத் தயிர் என்று சொல்லிவிடுங்கள். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் பந்தியில் யாராவது இருக்கலாம்.

காபியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓட்ஸ் பால் டப்பாவில் கிடைக்கிறது. பத்து முந்திரியை ஊற வைத்து அரைத்தால் ஒரு டம்ளருக்குக் காணும். டிகாக்ஷன் புளிப்பாக இருந்தால் சில விதைப் பால்கள் திரிந்துபோகும், ஆகையால் பாலைச் சூடாக்கி அதில் டிகாக்ஷனைக் கொஞ்சங் கொஞ்சமாக விட வேண்டும். இருந்தாலும் கும்பகோணம் டிகிரி காபி குடித்து வளர்ந்தவர்களுக்கு இது எதுவும் காபியே அல்ல. கருப்பட்டி போட்ட சுக்குக் காபி கொடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றாது.

பெண்ணின் பிறந்த நாளும் இந்த மாதங்களுக்குள் வருகிறதாமே! வெண்ணெயும் முட்டையும் பாலும் இல்லாமல் கேக் செய்ய முடியுமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பேஷாக முடியும். அமெரிக்காவில் நெருக்கடிக் காலத்தில், முட்டையும் வெண்ணெயும் அருமையாகிப் போனபோது இல்லத்தரசிகள் செய்த கேக் என்று இதைச் சொல்வார்கள். மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், கோகோப் பொடி மூன்று மேஜைக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி எல்லாவற்றையும் சேர்த்துச் சலியுங்கள். தண்ணீர் ஒரு கப், வாசனையில்லாத எண்ணெய் ஐந்து மேஜைக்கரண்டி, வினிகர் ஒரு மேஜைக்கரண்டி, வனில்லா எஸென்ஸ் ஒரு தேக்கரண்டி. இதை மாவில் கொட்டி, கட்டி இல்லாமல் கலந்தால் தீர்ந்தது. போட்டு அடிக்கக் கூடாது. அடித்தால் மைதா இழுபட்டுக் கேக் ரப்பராகிவிடும்.

முட்டை இல்லாமல் எப்படி உப்பும் என்கிறீர்களா? சோடாவும் வினிகரும் சந்தித்த கணமே காற்று கிளம்புகிறது. நாம் குடிக்கும் சோடாவில் குமிழி விடுகிறதே, அதே காற்று. அது மாவுக்குள் அகப்பட்டுக்கொண்டு சூட்டில் விரிவதால் கேக் எழும்புகிறது. ஆகவே கலந்துவிட்டு வாசலில் யாரோடும் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. எண்ணெய் தடவிய எட்டு அங்குலத் தட்டில் ஊற்றி, முன்பே சூடாக்கிய அடுப்பில் 180 டிகிரியில் முப்பதிலிருந்து முப்பத்தைந்து நிமிஷம். அதற்கென்று மின் அடுப்பு இல்லாவிட்டால் குக்கரில் அடியில் ஒரு அங்குலம் உப்பைப் பரப்பி, மேலே ஒரு மனை வைத்து, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் சூடேற்றுங்கள். பிறகு தட்டை உள்ளே வைத்துச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். வினிகர் வாசனை துளியும் தெரியாது. வேறு கேக்குகளில் ஒரு முட்டைக்கு ஒரு வாழைப்பழத்தை மசித்துப் போடலாம், ஆனால் எதைச் செய்தாலும் வாழைப்பழக் கேக்காகத்தான் இருக்கும்.

கடையில் வாங்கும் பிஸ்கோத்திலும் ரொட்டியிலும் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டில் பச்சைப் புள்ளி என்றால் மாமிசமும் முட்டையும் இல்லை என்றுதான் அர்த்தம், பால் இருக்கலாம். 2022-ல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் பொருள்களுக்கென்று தனி விதி கொண்டுவந்து, பச்சை நிறத்தில் இலையோடு கூடிய 'வி' முத்திரையை ஏற்படுத்தியிருக்கிறது. முத்திரை இல்லாவிட்டால் பின்புறம் உள்ள சின்ன எழுத்தைப் படிக்க வேண்டியதுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயம் முழுக்க வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி வீண், பாதி நியாயம்.

சுண்ணாம்புச் சத்து பாலில் மட்டுமே இருக்கிறது என்பது வீண் பயம். நூறு கிராம் பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் என்றால், நூறு கிராம் கேழ்வரகில் 340-க்கும் மேலே. அகத்திக் கீரையில் 900 அளவுக்கு இருக்கிறது. எள்ளும் முருங்கைக் கீரையும் உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. அதற்கும் மேலே, பால் குடிக்கிற பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சுண்ணாம்பு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கக் கூடாது. ஒன்று இன்னொன்றை உடம்பில் சேரவிடாது. இரும்பு மாத்திரையோடு காபியும் டீயும் வேண்டாம். கீரைச் சாதத்தோடு ஒரு நெல்லிக்காயோ, பிழிந்த எலுமிச்சம்பழமோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

நியாயமான பயம் இது: வைட்டமின் பி12. நம்பி இருக்கக்கூடிய அளவில் எந்தக் காயிலும், எந்தக் கீரையிலும், எந்தப் பருப்பிலும் அது கிடையாது. சைவக்காரர்களுக்குக் கொஞ்சநஞ்சம் பாலிலிருந்து வந்துகொண்டிருந்தது. பாலையும் விட்டால் அதுவும் நின்றுவிடும். பழையதில் இருக்கிறது, இட்லி மாவில் இருக்கிறது என்று சொல்லக் கேட்டு இருந்துவிடாதீர்கள். தாய்க்கு இது குறைந்தால் ரத்தம் குறையும். குழந்தைக்கும் போய்ச் சேராது. பிறந்த குழந்தை தாய்ப்பாலை மட்டும் நம்பியிருக்கும் காலத்தில் அதன் நரம்பும் மூளையும் வளரவே இது வேண்டும். ஒன்றரை வருஷமாகப் பாலை விட்டிருக்கிற உங்கள் பெண், மாத்திரை சாப்பிடுகிறாளா என்று இன்றைக்கே தொலைபேசியில் கேளுங்கள். இல்லை என்றால் வளைகாப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம், 'பால், தயிர் எதுவும் சாப்பிடுவதில்லை' என்று வாய் திறந்து சொல்லி, ரத்தத்தைப் பரிசோதித்து, அளவு கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளட்டும். நெய்யைப் பருப்பில் ஒளித்து வைப்பதற்குப் பதில் நீங்கள் செய்ய வேண்டிய காரியம் இது ஒன்றுதான். இதில் பிடிவாதம் பிடியுங்கள், சண்டை போட்டாலும் சரி.

பிரசவத்துக்கு அப்புறம் பத்தியச் சாப்பாட்டில் தொந்தரவே இல்லை. பூண்டுக் குழம்பு, சுண்டைக்காய் வற்றல், மிளகு ரசம் எல்லாமே நல்லெண்ணெய்ச் சமையல். லேகியம் கிளறும்போது நெய்யை விட்டுவிட்டு நல்லெண்ணெயை மட்டும் ஊற்றுங்கள், தேனுக்குப் பதில் கருப்பட்டிப் பாகு. தேன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கிறேன் என்று யாராவது பெரியவர்கள் தேனைக் கொண்டுவருவார்கள். உங்கள் பெண் வீகனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு வயது வரையில் குழந்தைக்குத் தேன் கூடாது என்பது டாக்டர்களின் கண்டிப்பான கட்டளை. தேனில் சில சமயம் ஒரு கொடிய விஷக் கிருமியின் வித்துக்கள் இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தைக்குத் தாங்காது.

கடைசியாக, கையெழுத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "குங்குமப் பூவைப் பாலில்தானே கொடுக்க வேண்டும்? பேரப் பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டாமா?" பாதாம் பருப்பை ஊற வைத்துத் தோலுரித்து அரைத்த பாலில் இரண்டு இதழ் போட்டுக் கொடுங்கள், மணமாக இருக்கும், அவளும் சந்தோஷமாகக் குடிப்பாள். நிறம் மட்டும் குங்குமப் பூவிலிருந்து வருவதில்லை அம்மா. அது உங்களிடமிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ ஏற்கனவே புறப்பட்டு வந்தாயிற்று.